ஈரத்துக்கும் ஒரு பத்தியம்

சித்த மருத்துவப் பிரிவுக்கு வருகிறவர்கள் மருந்தைக் கையில் வாங்கியதும் “பத்தியம் என்ன?” என்று கேட்காமல் போவதில்லை. புளி சேர்க்கலாமா, கத்தரிக்காய் ஆகாதா, கருவாட்டை எவ்வளவு நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று அடுத்தடுத்து வரும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வேலை பார்த்தவள் நான். பெண் மருத்துவர் என்பதால், வேறு யாரிடமும் சொல்லக் கூசும் நோய்கள் என் அறைக்கு அதிகம் வந்தன. அவற்றில் அடிக்கடி பார்த்தது, விட்டு விட்டுத் திரும்ப வரும் ஈஸ்ட் பூஞ்சைத் தொற்று. பிறப்புறுப்பில் அரிப்பு, தொடையிடுக்கில் புண், மார்புக்கு அடியில் வேக்காடு, நகக்கண்ணில் வீக்கம் என்று இடம்தான் மாறும்.

இந்த நோய்க்கு நான் சொல்லும் பத்தியத்தில் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் இடம்தான். துணி, சோப்பு, தண்ணீர், மருந்துக்கடைக் களிம்பு, ரத்தச் சர்க்கரை, வீட்டு ஆண்களின் ஒத்துழைப்பு ஆகியவைதான் அதில் நிறைய. மருந்து பூஞ்சையை அடக்கும். அது மறுபடி தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது பத்தியம். இயற்கை வைத்தியம் என்று சொல்லத் தகுந்தது ஏதாவது இந்த நோய்க்கு இருக்கிறதென்றால், அது இந்தப் பத்தியம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். மூலிகைக்கு அதில் ஒரு துணை வேடம் உண்டு, அவ்வளவே.

கேண்டிடா என்கிற இந்த ஈஸ்ட் எங்கிருந்தோ வந்து தொற்றுவதில்லை. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் பெண்ணுறுப்பிலும் சிறிய அளவில் எப்போதும் இருப்பதுதான். பெண்ணுறுப்பில் லாக்டோபாசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அங்குள்ள பி.எச். அளவை 3.8-க்கும் 4.5-க்கும் இடையே காத்து நிற்கின்றன. அந்தச் சமநிலை குலையும்போது பூஞ்சை பெருகுகிறது. ஆன்டிபயாடிக் மாத்திரை, கட்டுக்கடங்காத சர்க்கரை, கர்ப்பம், ஸ்டீராய்டு மருந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய்கள் ஆகியவை அதைக் குலைக்கும். தோல் மடிப்புகளில் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் போதும். பெண்களில் 4 பேரில் 3 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்துபோகும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே வருடத்துக்குள் மூன்று, நான்கு முறை வந்தால்தான் அதை நாள்பட்ட தொற்று என்கிறோம். 100 பெண்களில் 5 முதல் 8 பேர் வரை இதில் அகப்படுகிறார்கள்.

மழைக்காலத்தில் மூடிவைத்த அலமாரியில் துணி பூசணம் பூக்கிறதே, அதைத்தான் பெண்களிடம் எடுத்துச் சொல்வேன். பூசணத்தைத் துடைத்துவிட்டு அதே அலமாரியில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பத்து நாளில் மறுபடி பூக்கும். கதவைத் திறந்து வெயில் பட விட்டால் பூக்காது. இதைச் சொன்னதும் அவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். மீதியை விளங்கவைக்க அவரவர் வாழ்க்கைக்குள் போக வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. தட்டை மடியில் வைத்துக் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எழுந்தால் கை நின்றுபோகும், கை நின்றால் கூலி குறையும். பாலியெஸ்டர் பாவாடை, வெக்கை, வியர்வை, தொடையிடுக்கில் காற்றுப் படாத மணிக்கணக்கான நேரம். பூஞ்சைக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

அப்படி ஓர் அக்கா வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முழங்கால் வலி என்றுதான் முதலில் உட்கார்ந்தார். பின்னால் நின்றவர்கள் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். “டாக்டரம்மா, கீழ ஒரே நமச்சலா இருக்கு. தட்டை வச்சு உக்காரவும் முடியல, ராத்திரி படுத்தா உறக்கமும் இல்ல. வருசம் ரெண்டாச்சு. என்னவெல்லாமோ போட்டுப் பாத்தாச்சு. நின்ன மாதிரி இருந்துட்டு வந்துருது.” போட்டுப் பார்த்த மருந்து எல்லாவற்றையும் அடுத்த முறை எடுத்துவரச் சொன்னேன். ஒரு ஜவுளிக்கடைப் பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார்.

பாதி பிதுக்கிய களிம்புக் குழாய்கள். இரண்டில் குளோபெட்டசால் என்னும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தன. நீர்க்கடுப்புக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டைகள், முழுதாகத் தின்று முடிக்காமல். குளிக்கும் தண்ணீரில் ஊற்றுகிற கிருமிநாசினி. மகள் வாங்கிக் கொடுத்த வாசனைத் திரவம் ஒன்று, அந்தரங்க உறுப்பைக் கழுவுவதற்கு. யாரோ ஒருவர் கொடுத்த சூரணம், பெயரெழுதாத பொட்டலத்தில். ஒரு லேகிய டப்பா.

எது முதலில், எது பிறகு என்று அவரையே வரிசையாக அடுக்கச் சொன்னேன். அடுக்க அடுக்க நோயின் போக்கு மேசைமேல் தெரிந்தது. முதலில் அரிப்பு. அதற்குக் களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கும். கூடவே அந்த இடத்தின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். மேலே சிவப்பு மறையும், அடியில் பூஞ்சை பரவும். விடாமல் தடவினால் தோல் மெலிந்து வெடிக்கும். வெடித்த தோலில் சிறுநீர் பட்டால் சுருக்கென்று எரியும். அந்த எரிச்சலை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாடிக் தின்றார். அது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்தது. பூஞ்சைக்கு இடம் கிடைத்தது. மறுபடி அரிப்பு, மறுபடி களிம்பு. நாற்றம் ஏதும் இருக்குமோ என்ற பயத்தில் கிருமிநாசினியும் வாசனைத் திரவமும் சேர்ந்து, எஞ்சியிருந்த தோலையும் புண்ணாக்கின. இந்தச் செக்கில்தான் இரண்டு வருடமாக அந்த அக்கா சுற்றிக்கொண்டிருந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு மருந்து கொடுத்தார்களே தவிர, உட்காரவைத்துக் கேட்டவர்கள் இல்லை.

ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதி செய்தது. இருந்தும் சொறி, படை, அரிப்பு என்று வாய்விட்டுச் சொன்னாலே களிம்பு கிடைக்கிற கடைகள் இருக்கின்றன. குழாயின் மேல் சிறிய எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால், இடுப்புக்குக் கீழே அதைத் தொடக் கூடாது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் அவர்கள்தான்.

அந்த அக்காவை அடுத்த அறைக்கு அழைத்துப் போனேன். எங்கள் நிலையத்தில் என் அறைக்குப் பக்கத்து அறை அலோபதி மருத்துவருடையது, அதற்கடுத்தது ஆய்வகம். வெள்ளைபடுதலில் ஒரு சொட்டை எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கலந்து கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், மற்ற செல்கள் கரைந்துபோய் ஈஸ்ட் மட்டும் தெளிவாக நிற்கும். மொட்டு விட்ட உருண்டைகளும் அவற்றிலிருந்து நீண்டு போகும் இழைகளும் நிறைந்திருந்தன. ரத்தச் சர்க்கரை முந்நூறை ஒட்டி இருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரியும்.

பரிசோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெள்ளைபடுகிறது என்று வருகிற எல்லாருக்கும் பூஞ்சை இல்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் வரும் நாள்களில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வருவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு எலும்பு உருகிப் போகிறது என்று பயந்து இளைத்துப்போன பெண்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, ஒரு விளக்கம். ஈஸ்ட் என்றால் திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக வரும், அரிப்பு கடுமையாக இருக்கும், நாற்றம் அநேகமாக இருக்காது. மீன் கவிச்சி அடித்தால் அது பாக்டீரியாவின் வேலை. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் பால்வினைத் தொற்றாக இருக்கலாம். கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். மாதவிலக்கு நின்றபிறகு ஈஸ்ட் தொற்று வருவது குறைவு. அந்த வயதில் ஓயாத அரிப்பும் தோலில் வெள்ளைத் திட்டும் இருந்தால் அது வேறு தோல் நோய். நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். அடிவயிற்று வலி, காய்ச்சல், ரத்தப்போக்கு, கொப்புளம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் கஷாயம் கொடுத்ததில்லை. உடனே அடுத்த அறைக்குத்தான்.

சர்க்கரை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் ஈஸ்ட் தொற்று நிற்காது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அதற்கு முன்பெல்லாம் பெண்ணுறுப்பில் அரிப்பு என்று வந்த இடத்தில்தான் பலருக்குச் சர்க்கரையே வெளிப்பட்டது. ஆண்களுக்கும் அப்படித்தான். முன்தோல் வெடித்து எரிகிறது என்று வருகிற நடுத்தர வயதுக்காரருக்கு முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. ஆனால் இனிப்புக் கலந்த சிறுநீர் தங்கும் இடத்தில் ஈஸ்ட் எளிதில் வளரும். மாத்திரை மாற்றியபின் அரிப்பு தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபின்பும் தண்ணீர் விட்டுக் கழுவி ஒற்றி உலர்த்தினாலே பலருக்குத் தொல்லை குறைந்துவிடும்.

என் துறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைபடுதல் என்றதும் கை தானாக வெண்பூசணி லேகியத்தை எழுதும். உடல் மெலிந்த பெண்ணுக்கு அது நல்ல மருந்து. ஆனால் லேகியம் எதுவானாலும் சர்க்கரையோ வெல்லமோ சேர்த்துக் கிண்டிய பாகு. அந்த அக்காவின் பையில் இருந்த டப்பா அதுதான். சர்க்கரை பார்க்காமல் லேகியம் எழுதுவது பூஞ்சைக்குத் தீனி போடுவதாகிவிடும். பெயரில்லாத சூரணப் பொட்டலத்தை அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டேன். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியை உடம்புக்குள் அனுப்பச் சித்த மருத்துவம் எங்கும் சொல்லவில்லை.

இனித் துணிக்கு வருகிறேன். கிராம சுகாதாரச் செவிலியரோடு வீடுவீடாகப் போகும்போது நான் முதலில் பார்ப்பது கொடியைத்தான். வேட்டி, சட்டை, சேலை எல்லாம் வெயிலில் பறக்கும். பெண்களின் உள்ளாடை மட்டும் கண்ணில் படாது. பாவாடைக்கு அடியில் மறைத்துப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரு வீட்டில் அப்படித் தொங்கிய துணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் துவைத்ததாம். இடுப்பு எலாஸ்டிக் ஓரமெல்லாம் சில்லென்று ஈரம், தையல் மடிப்பில் கரும்புள்ளிகள். “எல்லாரும் நடமாடுத எடம் டாக்டரம்மா, வெளிய எப்படிப் போடுறது?” என்றாள் அந்த வீட்டுப் பெண். மாமியாரைக் கூப்பிட்டு, மொட்டைமாடியில் வெயில் விழும் மூலையில் தனியாக ஒரு கொடி கட்டச் சொன்னேன். மாமியாருக்கும் மார்புக்கு அடியில் அதே வேக்காடு இருந்தது, அதனால் கொடி உடனே கட்டப்பட்டது.

பருத்தி உள்ளாடை, நாளுக்கு இரண்டு முறை மாற்றுதல், சோப்புப் போக அலசி வெயிலில் முறுகக் காயவைத்தல், மழை நாளில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தல், இரவில் உள்ளாடை இல்லாமல் தளர்வான பாவாடையோ நைட்டியோ உடுத்துதல். துணிப் பத்தியம் இவ்வளவுதான். குளித்துவிட்டு ஈரத்தோடு உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிற பழக்கம் எங்கள் ஊர்ப் பெண்களிடம் உண்டு. நின்று துடைக்க நேரமில்லை. தொடையிடுக்கு, அடிவயிற்று மடிப்பு, மார்புக்கு அடி, மூன்று இடத்தையும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் துணி உடுத்த வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்வேன். உடல் பருத்தவர்கள் மார்புக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றலாம். பவுடரை அப்பினால் வியர்வையில் குழைந்து அடையாகும், அது வேண்டாம்.

கழுவுவதில் அளவு தெரிய வேண்டும். பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். விரல் விட்டுச் சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதும், பீய்ச்சி அடிப்பதும் நல்ல பாக்டீரியாக்களை வாரிக்கொண்டு போய்விடும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். வாசனைச் சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம், நறுமணம் சேர்த்த நாப்கின் ஆகியவற்றை நிறுத்திய மாத்திரத்தில் பாதி எரிச்சல் போனவர்கள் உண்டு. எண்ணெய்க் குளியலை நான் தடுப்பதில்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கும். புண்ணான மடிப்புகளில் மட்டும் எண்ணெய் தங்கக் கூடாது.

மூலிகையில் எனக்கு நம்பிக்கை தந்தவை இரண்டு. ஒன்று திரிபலா. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு, கசியும் தோலை இறுக்கி உலர்த்தும். ஒரு மேசைக்கரண்டிச் சூரணத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் நன்றாக வடிகட்டி, முழுதும் ஆறியபின் மடிப்புகளையும் வெளிப்புறத்தையும் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் அலசி ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளே விடக் கூடாது. ஆற்றுவதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதேயில்லை. இன்னொன்று சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்; மஞ்சள் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். அதன் இலையில் உள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையை எதிர்ப்பது. அதிலிருந்து செய்த சீமை அகத்திக் களிம்பு எங்கள் பிரிவில் இருக்கும். படைக்கும், காய்ந்த தோலில் வரும் பூஞ்சைக்கும் கொடுப்பேன். பிறப்புறுப்பின் மென்தோலுக்கும் வெடித்த புண்ணுக்கும் அது ஆகாது, எரியும்.

இயற்கை என்ற பெயரில் செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். பூண்டுப் பல்லை உள்ளே வைத்துக்கொண்டு கொப்புளித்துப்போய் வந்த இளம்பெண் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைச் சாறு, வினிகர், டீ ட்ரீ எண்ணெய், தயிர், மஞ்சள்தூள், படிகாரக் கட்டி எதையும் உள்ளே வைக்கக் கூடாது. புண்ணான இடத்தை மேலும் புண்ணாக்குவதுதான் மிச்சம். கர்ப்பிணிகள் எதையும் தாங்களாகச் செய்யவே கூடாது. அவர்களுக்கு மருத்துவர் பார்த்து, பூச்சு மருந்தோ உள்ளே வைக்கும் மாத்திரையோ ஒரு வாரத்துக்குத் தருவார். வாய்வழி ஃப்ளுகோனசோலைத் தவிர்ப்பார்கள். கைக்குழந்தைக்கு நாக்கில் மாவு பூத்தது மாதிரி அக்கரம் வந்தால், வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. தேனும் ஒரு வயதுக்குள் கூடாது. குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயின் முலைக்காம்பையும் அவர் பார்ப்பார், அங்கேயும் தொற்று இருக்கலாம்.

சாப்பாட்டுப் பத்தியம் கேட்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அரிசியின் அளவு, இனிப்பு, பழச்சாறு எல்லாவற்றிலும் கட்டுப்பாடு வேண்டும். அது பூஞ்சைக்கும் சேர்த்துப் பத்தியம். சர்க்கரை இல்லாதவர்கள் ரொட்டியை நிறுத்து, இட்லியை நிறுத்து, பழத்தை நிறுத்து என்று உடம்பை வருத்திக்கொள்வதால் ஈஸ்ட் போவதில்லை. மோரும் பழையசோறும் நல்ல உணவு, சாப்பிடட்டும். அவை தொற்றைத் தீர்க்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. காரணமில்லாமல் ஆன்டிபயாடிக் தின்னாமல் இருப்பதைவிடப் பெரிய வாய்ப் பத்தியம் இந்த நோயில் இல்லை.

கைக்கும் காலுக்கும் இதே கதைதான். ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், நாலு வீட்டில் வேலை செய்கிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள் நகக்கண் வீங்கி வருவார்கள். திடீரென்று சீழ்கட்டி விண்ணென்று தெறிக்கும் நகச்சுற்று வேறு, மாதக்கணக்கில் நகத்தோரம் தடித்துக் கிடக்கும் இந்த வீக்கம் வேறு. இதற்கு எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிப் பயனில்லை. பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் நகக்கண்வரை துடைத்தல், நகத்தோரத் தோலை வெட்டாமல் இருத்தல், இவற்றை வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் உள்ளவர்கள் இடுக்குக்கு இடுக்கு துடைத்துவிட்டு வெயிலில் காலை நீட்டிச் சற்று உட்கார்ந்தாலே போதும், பாதி ஆறும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட் வைத்தவர்கள் இரவில் கழற்றிவிட வேண்டும். வாயில் வெள்ளை படியாமல் இருக்க இதுவே வழி.

இவ்வளவும் செய்து மருந்து வேண்டாமா என்றால், வேண்டும். அந்த அக்காவுக்கு அடுத்த அறை மருத்துவர் ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரையை மூன்று நாளைக்கு ஒருமுறையாக மூன்று வேளை கொடுத்தார். பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதம். நாள்பட்ட தொற்றுக்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இது. மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா, கல்லீரல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அது கேட்காவிட்டால் கேண்டிடாவில் வேறு இனமா என்று கல்ச்சர் செய்து பார்க்க வேண்டும். கிளாப்ரட்டா என்னும் இனம் இந்த மாத்திரைக்கு எளிதில் மசியாது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டிய நேரமும் உண்டு. ஆறு மாதம் கொடுத்து நிறுத்தினால் 100 பேரில் 30 முதல் 50 பேருக்கு மறுபடி வருகிறது என்பதையும் மருத்துவ நூல்களே சொல்கின்றன. அந்த இடத்தில்தான் பத்தியத்தின் அருமை தெரிகிறது. மாத்திரை தந்த ஆறு மாத அவகாசத்தில் அக்கா சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார், களிம்புகளை விட்டார், பருத்திக்கு மாறினார், ஒவ்வொரு கட்டு பீடி முடிந்ததும் எழுந்து நடந்தார். மாத்திரை நின்றபிறகும் நமைச்சல் திரும்பவில்லை. மாத்திரையா பத்தியமா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் நோயாளியின் பக்கம் நிற்கவில்லை.

கணவர்களைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. ஈஸ்ட் பொதுவாக உடலுறவால் பரவும் நோயல்ல. பெண்ணுக்குத் தொற்று வந்தால் அவள் நடத்தையைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இல்லை. இதை ஆண்களிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆணுக்கு அரிப்பும் வெடிப்பும் இருந்தால் மட்டும் அவருக்கும் மருந்து. புண் ஆறும்வரை மனைவியைத் தனியே உறங்க விடுவது கணவர் பிடிக்க வேண்டிய பத்தியம். “அவுககிட்ட எப்படிச் சொல்ல?” என்று கேட்கும் பெண்களுக்காக, கணவரை வரச் சொல்லி நானே பேசியதும் உண்டு. பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் சொல்லாததுதான் குறை.

இந்தப் பத்தியத்தைப் பெண் ஒருத்தியால் தனியாகப் பிடிக்க முடியாது. காலையிலிருந்து இரவுவரை செயற்கை இழைச் சீருடைச் சேலையில் நிற்கும் ஜவுளிக்கடைப் பெண், துணி மாற்ற இடமில்லாத தீப்பெட்டி ஆலைப் பெண், தட்டைவிட்டு எழ முடியாத பீடிப் பெண், இவர்களிடம் பருத்தி உடுத்து, ஈரம் தங்கவிடாதே என்று சொல்லிவிட்டு நான் கைகழுவ முடியாது. சீருடைத் துணியைப் பருத்தியாக்குவதும், தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை தருவதும் வேலை கொடுப்பவர் கையில் இருக்கிறது. வெயிலில் ஒரு கொடி கட்டுவது வீட்டார் கையில் இருக்கிறது. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்பைக் கொடுக்காமல் இருப்பது கடைக்காரர் கையில் இருக்கிறது. சர்க்கரை பார்க்காமல் சீட்டு எழுதாமல் இருப்பது, எந்த முறை மருத்துவராக இருந்தாலும், எங்கள் கையில் இருக்கிறது. இத்தனை பேரும் பிடிக்க வேண்டிய பத்தியத்தை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தி, அவள் சுத்தமாக இல்லை என்று சொல்வது அநியாயம். இந்த நோய் வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் சொல்வது: “உன்மேல் தப்பு இல்லம்மா. சரியாகும். ஆனா எல்லாருமா சேர்ந்து செய்யணும்.”